கேட்கிற அறை

என் மனைவிக்குக் காது கேட்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான்தான். டாக்டர் சொல்வதற்கு முன்பே சொன்னேன். அவர் சொன்ன பிறகு அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். விசேஷ வீடுகளில் யாராவது அவளைக் கூப்பிட்டு அவள் திரும்பாவிட்டால், அவர்கள் கேட்பதற்கு முன்னால் என் விரல் என் காதைத் தொட்டுவிட்டு 'இல்லை' என்று ஆடிக் காட்டும். பாவம், இந்த மனுஷன் எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று நாலு பேர் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வேளாவேளைக்குச் சோறு வருகிறது, துவைத்த வேட்டி கட்டிலில் இருக்கிறது. கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட்காரர் வந்தார் என்று தேவைக்கு ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். அவள் பேச்சை எங்கே தொலைத்தேன் என்று யோசித்தால், மாடியில் படம் பார்ப்பதற்காக நான் ஆசை ஆசையாகச் செய்த ஓர் அறையில் போய் நிற்கிறது. அந்த அறையில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டிலேயே ஒழுங்கான அறை அது ஒன்றுதான்.

எனக்கு ஓடைப்பட்டி. திராட்சைத் தோட்டம். அவளுக்கு வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கல்யாணமான மூன்றாவது வருஷம் போர்வெல்லில் தண்ணீர் நின்று காற்றாக வந்தது. பந்தலில் கொடியெல்லாம் கருகித் தொங்கியது. நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் உட்காரவில்லை. தேனி ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். விடியும் முன்பு மில் வேன் வந்து ஆள் ஏற்றிப் போகும். ஒன்பது வருஷம் போனாள். இரண்டாவது போர் போட்டது, பந்தலுக்குப் புதுக் கல் ஊன்றியது, எல்லாம் அவள் மில்லில் நின்ற கால்தான்.

மில்லுக்குள் ஒரு தடவை போயிருக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள், கூட்டிவரப் போனேன். உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துவிடலாம் போல இருந்தது, அப்படி ஒரு இரைச்சல். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆனால் அந்தப் பெண்கள் இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்குச் சத்தமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைக் கொஞ்சம் அகட்டி அகட்டி அசைக்கிறார்கள், எதிரே நிற்பவள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், பதிலுக்கு இவளும் அசைக்கிறாள். ஊமைப்படம் ஓடுகிறது என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அந்த ஒன்பது வருஷத்தில் காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை. தேனியில் பார்த்த டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சத்தம் வந்து சேரும், ஆனால் சொல் பிரிந்து தெரியாது. சொற்களின் விளிம்பு இருக்கிறதே, அதுதான் தேய்ந்துபோயிருக்கிறது என்றார். நான் அதில் 'தேய்ந்துபோயிருக்கிறது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பழைய வீட்டில் இது பெரிய விஷயமாக இல்லை. அது ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகும், எலி ஓடும், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். அதை நினைத்து ஏங்குகிறவன் நானில்லை, இடித்த அன்று எனக்குத் திருவிழா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நான் அடுப்படிக்கு வெளியே நின்று பேசினால் அவள் உள்ளேயிருந்து பதில் சொல்வாள். சுவரெல்லாம் காரை உதிர்ந்து மேடு பள்ளம், மூலைக்கு மூலை சாக்கு மூட்டை, கொடியில் எப்போதும் துணி, கட்டிலில் மெத்தை. பேசின பேச்சு அதிலெல்லாம் போய் அடங்கிவிடும். அவள் காதுக்கு ஒரு தடவைதான் வந்து சேரும். இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது.

புது வீட்டை ஊர் பார்க்கக் கட்டினேன். ஹால் நடுவே இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை. தரைக்கு வெள்ளை டைல்ஸ், குனிந்தால் முகம் தெரியும். படிக்கட்டுக்குக் கறுப்பு கிரானைட். தெருப்பக்கச் சுவரில் பாதிக்குக் கண்ணாடி. மதுரையிலிருந்து இறக்கின சோபா. அதன் மேல் கம்பெனிக்காரன் போட்டுவிட்ட பாலிதீன் உறையை நாங்கள் கழற்றவில்லை. எங்கள் பக்கம் யாருமே கழற்ற மாட்டார்கள். மெத்தைக்கும் உறை, சாப்பாட்டு நாற்காலிக்கும் உறை, ரிமோட்டுக்கும் உறை. வெயில் காலத்தில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் தோல் உரிகிற சத்தம் வரும். ஆனாலும் புதுசாகவே இருக்க வேண்டும்.

பால் காய்ச்சிய அன்று எழுபது எண்பது பேர் அந்த ஹாலில் நின்று பேசினார்கள். எனக்கே கடகடவென்று ஏதோ உருள்வது போலத்தான் கேட்டது. சந்தோஷத்தில் அது ஒரு கம்பீரமாகத் தெரிந்தது. அவள் மட்டும் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்களை அப்படிப் பார்க்காதே, பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று அன்று சாயங்காலமே திட்டினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மாடியிலிருந்து கூப்பிடுவேன், வரமாட்டாள். செல்போனைப் பார்த்துக்கொண்டே ஏதாவது கேட்பேன், பதில் வராது. மறுபடியும் கேட்பேன், கத்துவேன். கத்தினால் ஹால் முழுக்க என் குரல்தான் சுற்றிச் சுற்றி வரும், அவள் இன்னும் திகைப்பாள். புது வீடு வந்ததும் பொம்பளைக்குத் திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு செலவழித்துக் கட்டியதன் மேல் எப்படி வரும்?

மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அப்பா, அம்மாட்ட மொகத்தப் பாத்துப் பேசுங்கப்பா. முதுகக் காட்டிக்கிட்டுப் பேசுனா அவுகளுக்கு எப்பிடிப் புரியும்?"

"ஏத்தா, நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன், நேருக்கு நேர் நின்னு பேச?" என்றேன்.

மகள் கட்டாயத்தில்தான் காதுக்கு மிஷின் வாங்கினேன். பதினைந்து நாள் மாட்டியிருந்தாள். கரண்டி தரையில் விழுந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து மண்டையில இடிக்குதுங்க" என்றாள். கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். அதற்கும் ஏச்சு. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்கிறாய், கேட்டால் இடிக்கிறது என்கிறாய், உனக்கு என்னதான் வேண்டும் என்று கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு எனக்கு வேறொரு பழக்கம் வந்தது. அதை எழுதத்தான் கை கூசுகிறது. கத்தி அலுத்துப்போய், முணுமுணுக்க ஆரம்பித்தேன். அவள் எதிரே நின்று, சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு, சில நேரம் சிரித்த முகத்தோடு, சத்தம் வெளியே வராமல், நிறுத்தி நிறுத்தி ஏசுவேன். செவிட்டு மூதி என்பேன். என் தலையில் வந்து விடிந்தது என்பேன். அவள் குழம்பை ஊற்றுவாள். கேட்கவில்லை என்பதில் ஒரு சுகம் இருந்தது. திண்ணக்கமாக, பயமே இல்லாமல் சொல்லிவிட்டு அதே வாயால் அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். ஐந்தாறு வருஷம் இப்படி.

இதற்கு நடுவில்தான் மாடி அறை வந்தது. மார்க்கையன்கோட்டையில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பெரிய திரை, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்திருந்தார். ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். மழை பெய்கிற காட்சியில் நான் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், எனக்கும் வேண்டும் என்றாகிவிட்டது. அந்த வருஷம் திராட்சை நல்ல விலைக்குப் போனது. திரை, புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒரு பெரிய வூஃபர் எல்லாம் வாங்கி மாடியில் காலியாகக் கிடந்த அறையில் இறக்கிப் போட்டேன்.

படத்தைப் போட்டால் ஒரு வசனம் புரியவில்லை. சண்டையும் பாட்டும் காதைக் கிழிக்கிறது, ஆள் பேசினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் மோசம். வூஃபர் அதிர்ந்தால் பக்கத்தில் இருந்த பீரோவின் கதவு சேர்ந்து நடுங்கியது. ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன்தான் தேனியிலிருந்து இந்த வேலை தெரிந்த ஒருவரை அனுப்பினான்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பெட்டி நிறையக் கருவிகளோடு வருவார் என்று பார்த்தால், அறை நடுவில் நின்று கையை ஒரு தட்டு தட்டினார். தட்டிய சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி, சிலம்பிக்கொண்டே அடங்கியது. "ஸ்பீக்கர் மேல தப்பில்லண்ணே" என்றார். "ரூம்தான் தப்பு."

"ரூம் என்ன பண்ணுச்சு?"

"வெறுஞ் சுவரு, வெறுந் தரை, ஜன்னல்ல வெறும் கண்ணாடி. ஸ்பீக்கர்ல வர்ற பேச்சு நேரா ஒரு தடவ காதுக்கு வருது. அதே பேச்சு சுவத்துல அடிச்சு ரெண்டாந்தடவ வருது, தரையில அடிச்சு மூணாந்தடவ வருது. முந்துன சொல்லு போறதுக்குள்ள அடுத்த சொல்லு வந்து அது மேல ஏறிக்கிருது. நீங்க வால்யூமக் கூட்டுனா அதுவும் சேந்துல்ல கூடும்? கத்துனா புரியாதுண்ணே. ரூம அடக்குனாத்தான் புரியும்."

நல்ல காது இருக்கிற எனக்கே புரியவில்லை, அதற்கு இது காரணம் என்று அவர் சொன்னதும் உடனே புரிந்தது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். இறங்கி வரும்போது அவர் ஹாலில் நின்று, சும்மா இன்னொரு தடவை கையைத் தட்டினார். அது மேலே போய், கண்ணாடியில் இடித்து, திரும்பிவந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"இங்கன இன்னும் மோசம்ணே. வீட்டுல பேசுறதே புரியாதே?" என்றார்.

"இங்கன என்ன படமா ஓட்டுறோம்?" என்று சிரித்தேன்.

"ஒரு கார்பெட்டு, ரெண்டு கனமான கர்ட்டன், சோபாவுல அந்தப் பாலிதீனக் கிழிச்சுப் போட்டாலே பாதி அடங்கிரும்."

"டைல்ஸ மூடவா காசு போட்டேன்?" என்றேன். அவர் மீதிக் காபியைக் குடித்தார். டம்ளரை வாங்க என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள், அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்து இவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டுப் போயும் எனக்கு உறைக்கவில்லை. சினிமாவில் வருகிறவன் பேசுவது எனக்குப் புரிய வேண்டும். இவள் எதற்குப் புரிந்துகொள்ள வேண்டும்?

மாடி அறையை அவர் சொன்னபடி செய்தேன். தரை முழுக்கக் கார்பெட். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகக் கனத்த திரைச்சீலை. அங்கே போட்ட சோபாவில் மட்டும் பாலிதீனைக் கிழித்தோம். பீரோவைக் கீழே இறக்கினோம். பக்கச் சுவர்களுக்கு மரச்சட்டம் அடித்து, உள்ளே பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, மேலே துணி கட்ட வேண்டும் என்றார். அதற்கென்று விற்கிற பொருளை மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். பஞ்சுதானே என்றேன். பரணில் நாலு இலவம் பஞ்சு மெத்தையும் இரண்டு திண்டும் கிடந்தன. அவள் சீராகக் கொண்டுவந்தவை. புது வீட்டுக்கு ஃபோம் மெத்தை வந்த பிறகு யாரும் இறக்கவில்லை.

"பூச்சி விழாமப் பாத்துக்கிட்டா அதுவே போதும்ணே. நெருப்புக்கிட்ட மட்டும் கொண்டு போயிராதீக" என்றார் அவர்.

மெத்தையை நான்தான் கத்தியால் கீறினேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, "எங்கய்யா மரத்துப் பஞ்சுங்க அது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் அப்பா தோட்டத்து இலவ மரங்கள். காய் வெடிக்கிற காலத்தில் குடும்பமே உட்கார்ந்து கொட்டை நீக்கி அடைத்த மெத்தை என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். "சும்மாதான கெடக்கு" என்றேன், அவள் பக்கம் பார்க்காமல். கேட்டதோ இல்லையோ, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தானே தெரியும். மூன்று நாள் உட்கார்ந்து, கட்டி தட்டிய இடத்தையெல்லாம் கையால் பிரித்து, பைபையாகத் தைத்து, சட்டத்துக்குள் அடைத்தாள். திண்டு இரண்டையும் திரைக்குப் பக்கத்து மூலைகளில் நிறுத்தி வைத்தோம்.

அதற்குப் பிறகு கை தட்டினால் தட்டிய இடத்திலேயே நின்றது. படத்தைப் போட்டேன். ஆள் மெதுவாகப் பேசுவதும், மூச்சு விடுவதும், துணி உரசுவதும் தனித்தனியாக வந்தன. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ஒரு சொல் தப்பவில்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அவளை மட்டும் உட்காரச் சொன்னதில்லை. ஒரு நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "உனக்கு என்ன கேக்கப்போகுது" என்றேன். அவள் கால் ஈரமாக இருந்தது. கார்பெட்டில் மிதிக்காமல் திரும்பிப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் தங்கை வீட்டுக்காரர் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்திருந்தார். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மாடியில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே சாப்பிடும்போது அவர் என் மனைவியிடம் இரண்டு மூன்று தடவை ஏதோ கேட்டு, அவளுக்குப் புரியாமல் போயிருந்தது. சாயங்காலம் ஆகிற நேரத்தில் அவள் கால் துடைத்துக்கொண்டு காபித் தட்டோடு உள்ளே வந்தாள். படத்தை நிறுத்தி வைத்திருந்தோம். அறை இருட்டு. அவள் எனக்குப் பின்பக்கம் வந்து நின்றாள்.

"எப்பிடி மச்சான் சமாளிச்சுக் குடும்பம் நடத்துறீக?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு அதே தாழ்ந்த குரலில் சொன்னேன். "மில்லுல பஞ்சுல மட்டுமா மாப்ள கழிவு வரும்? நல்லதெல்லாம் அவன் எடுத்துக்கிட்டு, கழிவ நம்ம வீட்டுக்கு அனுப்பிச்சு விட்டுட்டான். பெறக்கி வச்சிக்கிட்டு இருக்கேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னால் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சின்னச் சத்தம் வந்தது. அந்த அறையில் அதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"இங்கன எனக்கு நல்லாக் கேக்குதுங்க" என்றாள்.

கத்தவில்லை. பல வருஷமாக அவள் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள், தன் குரல் தனக்குக் கேட்காததால். அன்றைக்குச் சாதாரணக் குரலில் பேசினாள். அவள் வந்து தட்டைச் சின்ன மேஜையில் வைத்தாள். என் தங்கை வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆறிப் போயிரும், குடிங்க தம்பி" என்றாள். கார்பெட்டில் ஒரு சொட்டு சிந்தியிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவர் காபியைத் தொடவில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார். அவர் வந்தது பைக்கில்.

கீழே போனேன். அடுப்படியில் நின்றிருந்தாள். ஹாலிலிருந்தே, "ஏ புள்ள, சும்மா வெளாட்டுக்குச் சொன்னது" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "கேக்கல" என்றாள். இன்னும் உரக்க, "தப்பா எடுத்துக்காத" என்று கத்தினேன். கண்ணாடியிலும் கிரானைட்டிலும் என் குரல் பட்டுப் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தத்தில் எனக்கே அது மிரட்டல் போலத்தான் கேட்டது. தெருவில் போகிறவர் நின்று பார்த்தார்.

"கேக்கல" என்றாள் மறுபடியும்.

மாடிக்கு வா, அங்கே உட்கார்ந்து பேசுவோம் என்று கையைக் காட்டினேன். "அந்த ரூமுக்கு இனி வரமாட்டேன்" என்றாள். வரவும் இல்லை. கூட்டுவதற்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. என் பேச்சு அவளுக்குப் புரியக்கூடிய அறை வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அதற்குள் அவள் காலெடுத்து வைக்கமாட்டாள். எழுதிக் கொடுத்திருக்கலாம். அவள் எட்டாவது வரை படித்தவள், நன்றாகவே வாசிப்பாள். ஆனால் எழுதினால் அது அவள் கையில் இருக்குமே, நாளைக்கு மகளிடம் காட்டுவாளே என்று பயந்தேன். அந்த நிலையிலும் எனக்கு அந்தப் புத்திதான் வேலை செய்தது.

இரண்டு மாதம் ஓடியது. அவள் பேசாத வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் கொடி வெட்டுகிற கவாத்து வேலைக்கு ஆள் வந்து காத்திருக்கும்போது, நான் தோட்டத்துக்குப் போகாமல் மாடிக்குப் போனேன். கார்பெட்டைச் சுருட்டினேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன். ஆசாரியைக் கூப்பிட்டு, பஞ்சு அடைத்த சட்டங்களைச் சுவரிலிருந்து பெயர்த்து, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, ஹால் சுவரில் அடித்தோம். கண்ணாடிச் சுவரைத் திரைச்சீலையால் மூடினேன். வெள்ளை டைல்ஸ் மேல் கார்பெட்டை விரித்தேன். சோபாவில் ஆறு வருஷப் பாலிதீனைப் பல்லால் கடித்து இழுத்துக் கிழித்தேன்.

"என்னண்ணே, மெத்தக் கடை வைக்கப்போறீகளா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். வைக்கிறேன் என்றேன். நான் ஊருக்குக் காட்டக் கட்டிய ஹால் அசிங்கமாகத்தான் ஆகிவிட்டது. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டங்களில் ஒன்றில் தையல் விட்டு, கொஞ்சம் பஞ்சு வெளியே வந்திருந்தது. ஊசி நூலை எடுத்து வந்து அதைத் தைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

எல்லாம் முடிந்ததும் நடு ஹாலில் நின்று கையைத் தட்டினேன். முழுதாக அடங்கவில்லை, அவ்வளவு உயரத்துக் கூரை. ஆனால் முன்பு போலச் சுற்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் கார்பெட்டில் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். நான் சோபாவில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தொடையில் எதுவும் ஒட்டவில்லை. கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்பு. நீ மில்லுக்குப் போகலன்னா இந்தத் தோட்டமும் இல்ல, வீடும் இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன்."

கை நின்றது. உரித்த மொச்சை இரண்டு விரலுக்கு நடுவில் அப்படியே இருந்தது. கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிப்போனது. உள்ளே ஒரு சந்தோஷமும் வந்தது, மறைக்கவில்லை. செய்து முடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்.

அவள் திரும்பி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு மட்டுமா சொன்னீக?" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து சொல்லிக்கிட்டுத்தான இருக்கீக. எம் முன்னாடி நின்னு, மொகத்தப் பாத்து. மில்லுல நாங்க வாயப் பாத்துத்தான் பேசிக்கிருவோம். நீங்களே வந்து பாத்துட்டுச் சிரிச்சீகளே."

ஊமைப்படம் ஞாபகம் வந்தது. மகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆறு வருஷமாக மற்ற எல்லாப் பேச்சையும் முதுகைக் காட்டி, செல்போனைப் பார்த்து, மாடியிலிருந்து பேசினேன். அவள் முகத்தைப் பார்த்து, வாய் நன்றாகத் தெரிய, நிறுத்தி நிறுத்திச் சொன்னது வசவை மட்டும்தான். அவளுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்த பேச்சும் அது மட்டும்தான்.

"அப்பயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அந்த நேரத்திலும் பழியைத் தூக்கி அவள் பக்கம்தான் வைத்தேன் பாருங்கள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கையிலிருந்த மொச்சையைக் கிண்ணத்தில் போட்டாள்.

"வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிறதுல தப்பு வரும். மில்லுலயும் வரும். அவுக அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாக, நாமதான் தப்பாப் பாத்துட்டோம்னு நெனச்சுக்குவேன். ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டேன். அன்னைக்கு அந்த ரூம்ல காதாலயே கேட்டுப்புட்டேன். இனி எப்பிடி நெனச்சுக்கிறது?"

கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு மெல்லச் சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்கும்.